கருங்கல்லுக்குள் உலோகக் கணக்கு: விழுப்புரம், திண்டிவனம் பாறைகளின் வேதியியல் வரலாறு

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சுற்றியுள்ள நிலம் தமிழகத்துக்குக் கல் கொடுக்கும் நிலங்களுள் ஒன்று. வானூர், திருவக்கரை வட்டாரக் குவாரிகளில் உடைபடும் கல் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் லாரி ஏறிச் செல்கிறது. கிரானைட் வணிகர்கள் குன்னம் கருப்பு என்று பெயரிட்டு அழைக்கும் டோலரைட் கல், பலகைகளாக அறுக்கப்பட்டு மெருகேறிய பின் நெடுந்தொலைவு பயணிக்கிறது. இந்த வணிகத்தில் கல்லுக்கு மதிப்பு வைப்பவர் அதன் நிறம், வெடிப்பு, கடினம் ஆகியவற்றைப் பார்க்கிறார்; அளவை யூனிட்டிலும் கனமீட்டரிலும் சொல்கிறார். அதே கல்லுக்குள் செம்பு, துத்தநாகம், ஈயம், நிக்கல், குரோமியம், வனேடியம் முதலிய உலோகங்கள் கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் தப்பும் அளவில் கலந்து கிடக்கின்றன என்பதும், அவை எவ்வளவு என்று எண்ணிச் சொல்ல மனிதர்களுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் கால உழைப்பு தேவைப்பட்டது என்பதும் குவாரியின் கணக்கேட்டில் இடம்பெறுவதில்லை. அந்த உழைப்பின் வரலாற்றை இம்மண்ணின் பாறைகளை முன்வைத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாறையின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ள உலோகத்தை நிலவேதியியலார் பொதுவாகச் சுவடு உலோகம் என்பர். அதை விழுக்காட்டில் எழுதினால் புள்ளிக்குப் பின் சுழியங்கள் பெருகும் என்பதால், பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று எழுதும் வழக்கம் வந்தது. பிபிஎம் என்று ஆய்வகங்களில் வழங்குவது இதுவே. ஒரு டன் கல்லில் ஒரு கிராம் இருந்தால் அது ஒரு பிபிஎம். நிலத்தின் மேலோட்டில் துத்தநாகம் சராசரியாக 70 பிபிஎம் அளவிலும், செம்பு 30 பிபிஎம்மை ஒட்டியும், ஈயம் அதனினும் குறைவாகவும் உள்ளன. இவ்வளவு சிறிய அளவுகள் எதற்கு என்ற கேள்விக்கு விடை, கல்லின் பிறப்பு வரலாறு பெரும்பாலும் இவற்றில்தான் பதிந்துள்ளது என்பதாகும். கற்குழம்பு எவ்வளவு ஆழத்தில் உருகியது, எதைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறியது, எந்த வெப்பத்தில் எதை இழந்தது என்பனவற்றை, எல்லாப் பாறைகளிலும் மிகுந்திருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் தெளிவாகச் சொல்வதில்லை.

இவ்வட்டாரத்தின் அடித்தளம் மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. நீல நிறமும் எண்ணெய்ப் பளபளப்பும் கொண்ட சார்னோக்கைட், பட்டை பட்டையான நைஸ், செஞ்சிக் குன்றுகளில் உருண்டு குவிந்து நிற்கும் கிரானைட், இவற்றை ஊடறுத்துச் சுவர்போல் எழும் கரிய டோலரைட் ஊடுருவல்கள் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. கிழக்கே செல்லச் செல்ல இவற்றின் மேல் கடலூர் மணற்கல் படிந்திருக்கிறது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் அந்த மணற்கல்லில்தான் கிடைக்கின்றன. அவற்றைப் பற்றிய குறிப்பை 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனரா எழுதினார். 1851இல் இந்திய நிலவியல் அளவாய்வுத் துறை தோன்றிய பின், எச். எஃப். பிளான்ஃபோர்டு தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் படிவுப் பாறைகளை ஆராய்ந்து 1860களின் தொடக்கத்தில் நூலாக்கினார்; கடலூர் மணற்கல் என்ற பெயர் அவரால் நிலைத்தது. வில்லியம் கிங், இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகிய இருவரும் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நில அமைப்பை அதே பத்தாண்டில் விவரித்தனர். 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ஃபூட் இவரே. இவர்கள் கையிலிருந்தவை சுத்தியல், உருப்பெருக்கிக் கண்ணாடி, காந்தம், சிறு குப்பியில் அமிலம், கனிமத்தைச் சுடரில் உருக்கிப் பார்க்கும் ஊதுகுழல் ஆகியவையே. அக்கருவிகளைக் கொண்டு பாறையின் பெயரையும் பரப்பையும் சொல்ல முடிந்தது. அதனுள் எத்தனை பிபிஎம் நிக்கல் உண்டு என்ற கேள்வியே அப்போது எழவில்லை.

உலோகத்தை அளக்கும் கலை தமிழ்நாட்டுக்கு அதற்கு வெகு முன்பே பழக்கமானது. பொன்னை உரைகல்லில் தேய்த்து, மாற்று அறிந்த ஆணிகளின் கோட்டோடு ஒப்பிட்டு அதன் தரத்தைச் சொல்வது அக்கசாலைத் தொழிலின் அடிப்படை. தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கொடையளித்த பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்ததையும், தண்டவாணி என்ற தர அளவைவிட எவ்வளவு மாற்றுக் குறைவு என்பதையும் பதிவு செய்கின்றன. எடைக்கு ஓர் அளவுகோல், தரத்துக்கு ஓர் அளவுகோல் என இரண்டையும் பெயர் சொல்லிப் பதித்த அந்த ஒழுங்கு, இன்றைய ஆய்வகங்கள் தம் முடிவுகளுக்கு வேண்டும் என்று கேட்கும் ஒழுங்கிலிருந்து கொள்கையளவில் வேறுபட்டதன்று. வேறுபாடு அளவில் இருந்தது. பொற்கொல்லரின் கண் நூற்றில் சில பங்கைப் பிரித்தறியும். பாறையின் சுவடு உலோகமோ இலட்சத்தில் சில பங்கு.

இந்த இடைவெளியின் ஆழத்தைத் தென்னிந்திய எஃகின் கதை நன்றாகக் காட்டுகிறது. மூசையில் இரும்பையும் கரியையும் இட்டு உருக்கிச் செய்த ஊட்ஸ் எஃகு ஐரோப்பாவை அடைந்தபோது, 1795இல் ஜார்ஜ் பியர்சனும் 1819இல் மைக்கேல் ஃபாரடேயும் அதை வேதியியல் முறையில் பகுத்தனர். அதன் சிறப்புக்கு அதில் கலந்த அலுமினாவும் சிலிக்காவும் சார்ந்த பொருள்களே காரணம் என்று ஃபாரடே கருதினார்; பின்வந்தோரால் அதை உறுதிசெய்ய இயலவில்லை. அவர் காலத் தராசால் எட்ட முடியாத இடத்தில் விடை இருந்தது. 1998இல் வெர்ஹோவன் என்னும் உலோகவியலாளர் தம் கூட்டாளிகளுடன் வெளியிட்ட ஆய்வு, இந்த எஃகிலிருந்து அடித்த வாள்களின் நீரோட்ட வரிகளுக்கு வனேடியம் போன்ற உலோகங்கள் சில பத்து பிபிஎம் அளவில் இருந்தாலே போதும் என்று காட்டியது. தாதுவைத் தந்த பாறையில் இருந்த சுவடு, எஃகு வரை வந்து அதன் பெயரையும் புகழையும் தீர்மானித்திருக்கிறது.

பழைய தென்னார்க்காட்டின் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் ஐரோப்பிய முறை இரும்பாலையை நிறுவினார். மரக்கரியை எரிபொருளாகக் கொண்ட அந்த ஆலை வணிகத்தில் நிலைக்கவில்லை. ஆயினும் இங்கிலாந்துக்குத் திரும்பிய ஹீத், உருகும் எஃகில் சிறிதளவு மாங்கனீசுக் கரிமச் சேர்மத்தைச் சேர்த்தால் அதன் தரம் உயர்கிறது என்பதற்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுத் தொழில் அதனால் பெரும் பயன் கண்டது. ஒரு சிற்றளவு உலோகம் ஒரு பெரும்பொருளின் குணத்தை மாற்றும் என்ற அறிவு, இம்மாவட்டத்தோடு தொடர்புடைய ஒருவர் வழியாகத் தொழிலுலகில் நுழைந்தது. அளக்கும் அறிவு இன்னும் பின்தங்கியே இருந்தது.

பாறைகளின் முழுமையான வேதிப் பகுப்பாய்வு இம்மண்ணை நெருங்கியது சார்னோக்கைட் வழியாகத்தான். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அது சென்னையைச் சேர்ந்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறை என்று கண்டு, 1893இல் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். 1900இல் அவ்வினம் முழுவதையும் விரிவான நூலில் விவரித்தார். பல்லாவரத்திலிருந்து தெற்கே திண்டிவனத்தைக் கடந்து நீளும் பாறைக் குடும்பம் இதுவே. அமெரிக்காவின் கார்னெகி நிறுவனப் புவி இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த எச். எஸ். வாஷிங்டன் சென்னைச் சார்னோக்கைட்டுகளைப் பகுத்து 1916இல் முடிவுகளை வெளியிட்டார். பாறைப் பகுப்பாய்வுக்கென 1904இலேயே கையேடு எழுதியவர் அவர், அவரும் டபிள்யூ. எஃப். ஹில்லெப்ராண்டும் வகுத்த ஒழுங்கே அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் வழக்கில் இருந்தது.

ஈரவழிப் பகுப்பாய்வு எனப்படும் அம்முறை பொறுமையின் உச்சம். மாவாக அரைத்த பாறையில் ஒரு கிராம் அளவை எடுத்து, அதைப் போல் சில மடங்கு சோடியம் கார்பனேட்டோடு கலந்து, பிளாட்டினக் கிண்ணத்தில் உருக்கி, ஆறிய கட்டியை ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, வற்றக் காய்ச்சினால் சிலிக்கா பிரியும்; அதை வடிகட்டி, எரித்து, நிறுத்துக் குறித்துக்கொள்வர். வடிநீரில் அம்மோனியா சேர்த்தால் இரும்பும் அலுமினியமும் கூழாக இறங்கும். அடுத்து ஆக்சலேட் சேர்த்தால் கால்சியம், பாஸ்பேட் சேர்த்தால் மக்னீசியம் என ஒவ்வொன்றும் முறை வைத்து வீழ்படிவாகும். டைட்டானியத்தை ஐதரசன் பெராக்சைடு தரும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியால் மதிப்பிடுவர். சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் தனியே இன்னொரு பங்கு மாவை எடுத்து, லாரன்ஸ் ஸ்மித் வகுத்த முறையில் வேறொரு பாதையில் செல்ல வேண்டும். ஒரு பாறைக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். முடிவில் பன்னிரண்டு, பதின்மூன்று ஆக்சைடுகளின் விழுக்காடுகளைக் கூட்டினால் நூற்றை ஒட்டி வரவேண்டும், 99.5க்கும் 100.5க்கும் இடையில் கூட்டுத்தொகை அமைந்தால் பகுப்பாய்வு நன்று என்பது அக்கால வழக்கு.

சுவடு உலோகங்களின் வரலாற்றில் தீர்மானமான தடை அந்தக் கூட்டுத்தொகைக்குள்ளேயே இருந்தது. 99.8 என்ற கூட்டுத்தொகை மிகச் சிறந்தது எனக் கொள்ளப்பட்டாலும், அதில் விடுபட்ட 0.2 விழுக்காடு என்பது 2000 பிபிஎம். சாதாரணச் சார்னோக்கைட்டில் உள்ள செம்பு, துத்தநாகம், ஈயம், நிக்கல், குரோமியம், வனேடியம் அனைத்தையும் சேர்த்தாலும் அதற்குள் அடங்கிவிடும். பழைய அட்டவணைகளில் நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் நேரே எண்ணுக்குப் பதில் சுவடு என்றே எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் பகுப்பாய்வாளரின் அலட்சியமன்று. நிறுத்து அறியும் முறைக்கு அதற்குமேல் பார்வை கிடையாது. நேர்மையான அறிவியலாளர் தம் கருவியின் எல்லைக்கு அப்பால் எண் எழுதுவதில்லை என்பதற்கு அந்த அட்டவணைகள் இன்றும் சான்று.

அந்த எல்லையைத் தாண்ட, நிறுப்பதை விட்டு ஒளியைப் படிக்கவேண்டி வந்தது. ஒவ்வொரு தனிமமும் வெப்பத்தில் தனக்கே உரிய நிறக்கோடுகளை வெளியிடும் என்பதை 1860ஐ ஒட்டிப் புன்சனும் கிர்ஹாஃபும் காட்டியிருந்தனர். 1930களில் கோல்ட்ஷ்மிட்டின் கோட்டிங்கன் ஆய்வுக்குழு பாறை மாவைக் கார்பன் வில்சுடரில் எரித்து, அதன் நிறமாலையை ஒளிப்படத் தகட்டில் பதித்து, கோட்டின் கருமையிலிருந்து உலோகத்தின் அளவைக் கணிக்கும் முறையைப் பாறைகளுக்குப் பரவலாகக் கையாண்டது. தமிழ்நாட்டுச் சார்னோக்கைட் இந்தப் புதிய கண்ணால் பார்க்கப்பட்டது 1955இல்: பிரித்தானிய நிலவியலாளர் ஆர். ஏ. ஹௌவி, சென்னைச் சார்னோக்கைட் இனத்தின் நிலவேதியியலைப் பற்றி எடின்பரோ ராயல் சங்கத்தின் வெளியீட்டில் எழுதிய நீண்ட கட்டுரையில், ஆக்சைடுகளோடு சுவடு தனிமங்களின் எண்களும் வரிசையாக இடம்பெற்றன. நான்கு ஆண்டுகள் கழித்து ஏ. பி. சுப்பிரமணியம் அதே மூலப்பகுதியை மறுபடி ஆராய்ந்து, ஹாலந்து ஒரே குடும்பம் என்று கருதியவை உண்மையில் ஒரே வழியில் பிறந்தவையல்ல என்று வாதிட்டார். இவ்விவாதத்தை அடுத்த தலைமுறை தொடர்ந்தபோது, ருபீடியம், யுரேனியம், தோரியம் ஆகியவை எந்த அளவுக்கு இப்பாறைகளிலிருந்து வெளியேறியுள்ளன என்பதே வழக்கின் முக்கியச் சாட்சியாயிற்று.

இதே காலத்தில் கனிமத் தேடலுக்கு ஏற்ற எளிய முறை ஒன்றும் வளர்ந்தது. டித்திசோன் என்ற கரிமச் சேர்மம் கரைசலில் பச்சையாக இருக்கும். துத்தநாகமோ ஈயமோ சேர்ந்தால் சிவக்கும். 1925இல் ஹெல்முட் ஃபிஷர் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்த இதனை, உலகப் போருக்குப் பின் நிலவேதியியல் தேடல் செய்வோர் ஓடை மணலையும் மண்ணையும் களத்திலேயே சோதிக்கப் பயன்படுத்தினர். ஒரு சோதனைக்குழாய், சிறிது அமிலம், நிற ஒப்பீட்டு அட்டை ஆகியவற்றோடு ஒருவர் நாளொன்றுக்குப் பல மாதிரிகளைச் சோதிக்க முடிந்தது.

ஆனால் கருவிகள் பெருகிய வேகத்தில் நம்பிக்கை பெருகவில்லை. அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறை, ஜி-1 என்று பெயரிட்ட ஒரு கிரானைட்டையும் டபிள்யூ-1 என்று பெயரிட்ட ஒரு டயபேசையும் மாவாக்கிப் பல ஆய்வகங்களுக்குப் பகிர்ந்தளித்து, வந்த விடைகளை 1951இல் ஒரே நூலில் வெளியிட்டது. ஒரே மாவுக்கு ஆய்வகங்கள் தந்த எண்கள் எதிர்பாராத அளவுக்குச் சிதறியிருந்தன. சுவடு உலோகங்களில் சிதறல் இன்னும் மோசம். நிலவேதியியலின் வரலாற்றில் இதைவிடப் பயனுள்ள தோல்வி வேறில்லை எனலாம். எல்லோரும் ஒப்புக்கொண்ட எண்ணுடைய ஒரு மாவைத் தம் மாதிரிகளோடு சேர்த்தே அளந்து, அதற்குச் சரியான விடை வந்தால் மட்டுமே மற்ற விடைகளை வெளியிடும் வழக்கம் அதிலிருந்து வலுப்பெற்றது. டபிள்யூ-1 என்ற அந்த டயபேஸ், திண்டிவனம் வட்டாரத்தின் கரிய டோலரைட்டுக்கு இனத்தால் உறவுக் கல்.

1955இல் ஆஸ்திரேலியாவின் ஆலன் வால்ஷ் அணு உட்கவர் முறையை முன்வைத்தார். கரைத்த மாதிரியைச் சுடரில் தெளித்து, அளக்கவேண்டிய உலோகத்தாலேயே செய்த விளக்கின் ஒளியை அதனூடே செலுத்தினால், அந்த உலோகத்தின் அணுக்கள் மட்டும் தமக்குரிய அலைநீளத்தை விழுங்கும். விழுங்கிய அளவே உலோகத்தின் அளவு. துத்தநாகத்துக்கு 213.9 நானோமீட்டர், செம்புக்கு 324.7, காட்மியத்துக்கு 228.8. 1960களிலும் 1970களிலும் இக்கருவி ஆய்வகங்களின் அன்றாடக் கருவியானது. எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை, மாவைக் கரைக்காமல் வில்லையாக அழுத்தியே அளக்க வழி தந்தது. 1980களில் வணிகத்துக்கு வந்த பிளாஸ்மா நிறை நிறமாலைமானி, ஆர்கான் வாயுவைப் பல்லாயிரம் பாகை வெப்பத்துக்கு உயர்த்தி, அதில் அணுக்களை அயனிகளாக்கி, எடைவாரியாகப் பிரித்து எண்ணியது. பிபிஎம்மின் ஆயிரத்தில் ஒரு பங்கும் இப்போது எட்டும் தொலைவுக்கு வந்தது.

இவ்வளவும் இம்மாவட்டத்தில் நடைமுறைப் பொருள் பெற்ற இடம் மாமண்டூர். பல்லவர் குடைவரைகளால் பெயர்பெற்ற மாமண்டூர் வேறு; இது பழைய தென்னார்க்காட்டில் இருந்து, 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்த பின் அதன் பெயரில் கனிமப் பட்டியல்களில் எழுதப்படும் மாமண்டூர். துத்தநாகம், ஈயம், செம்பு மூன்றின் சல்பைடுகளும் இங்கு உருமாறிய பாறைகளுக்குள் கலந்து கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் இவ்வகைப் படிவுகள் மிக அரிது. துத்தநாகமே மிகுதி, அது பாறையில் சில விழுக்காடு அளவுக்கு உள்ளது, அதாவது மேலோட்டுச் சராசரியைப் போல் பல நூறு மடங்கு. ஈயமும் செம்பும் அதற்குக் கீழே. அவற்றோடு ஒட்டிவரும் காட்மியமும் வெள்ளியும்தான் இங்கே சுவடு உலோகங்கள். காட்மியத்துக்கெனத் தனிக் கனிமம் தேடவேண்டியதில்லை. துத்தநாக சல்பைடான ஸ்பாலரைட்டின் படிகத்துக்குள் துத்தநாகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அது அமர்ந்திருக்கும். ஈய சல்பைடான கலீனா வெள்ளியைத் தன்னோடு வைத்திருப்பதும் உலகெங்கும் அறியப்பட்ட இயல்பு.

மாமண்டூர்ப் பாறையை அளப்பதில் உள்ள உண்மையான சிக்கல், துத்தநாகம் ஒரே கனிமத்தில் இல்லை என்பதில் தொடங்குகிறது. இப்படிவு பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆட்பட்டபோது, துத்தநாகத்தின் ஒரு பகுதி சல்பைடை விட்டு, அலுமினியத்தோடும் ஆக்சிசனோடும் சேர்ந்து துத்தநாக ஸ்பினல் என்னும் கனிமமாக மாறியது. கானைட் என்று கனிமவியலார் அழைக்கும் அந்தக் கனிமத்தைப் பற்றி, மாமண்டூரை மட்டுமே பொருளாகக் கொண்ட கட்டுரை ஒன்று 1999இல் மினரலாஜிக்கல் மேகசின் இதழில் வெளிவந்தது. ஸ்பினல் குடும்பத்தின் குணம் பிடிவாதம். நைட்ரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகத்தில் ஸ்பாலரைட் கரைந்துபோகும். கானைட் ஏறக்குறைய அப்படியே குப்பியின் அடியில் தங்கும். சிலிக்கேட்டுகளைச் சிதைக்கும் ஐதரோபுளோரிக் அமிலத்துக்குக்கூட அது முழுமையாகப் பணிவதில்லை. சோடியம் பெராக்சைடோ லித்தியம் போரேட்டோ சேர்த்து உருக்கினால்தான் அது திறந்துகொள்ளும்.

ஆகவே ஒரே மாமண்டூர்க் கல்லை இரண்டு ஆய்வகங்களில் கொடுத்து, ஒன்று இராஜ திராவகத்திலும் மற்றொன்று உருக்கிக் கரைத்தும் அளந்தால், இரண்டும் தத்தம் வேலையைக் குறையின்றிச் செய்திருந்தும் துத்தநாகத்துக்கு இரண்டு எண்கள் வரும். இரண்டுமே பொய்யல்ல. முதல் எண், சல்பைடில் உள்ள துத்தநாகத்தைச் சொல்கிறது. இரண்டாவது எண் பாறையில் உள்ள எல்லாத் துத்தநாகத்தையும் சொல்கிறது. தாதுவைப் பொடித்து நுரையில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் ஆலை சல்பைடை மட்டுமே கைப்பற்றும். கானைட்டில் சிக்கிய துத்தநாகம் கழிவோடு போகும். சுரங்கம் தோண்ட நினைப்பவருக்கு முதல் எண்ணே பொருள் உடையது. படிவு எப்படிப் பிறந்தது என்று ஆராய்பவருக்கு இரண்டாவது எண் தேவை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடோ, எவ்வளவு துத்தநாகம் வெப்பத்தால் இடம் மாறியது என்பதற்கே ஓர் அளவுகோலாகும். எந்த முறையில் கரைத்தோம் என்று எழுதாமல் துத்தநாகம் இத்தனை விழுக்காடு என்று மட்டும் எழுதும் அறிக்கை இவ்விருவருக்கும் பயன்படாது. பாறை வேதியியலின் நூற்றாண்டு அனுபவம் அனைத்தும் இந்த ஒரு கிராமத்தின் கல்லில் திரண்டு நிற்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

மாமண்டூரின் தாது வளம் ஏறத்தாழ 8 இலட்சம் டன் என்று தேசியக் கனிமக் கணக்கு குறிக்கிறது. தோண்டி இலாபம் காணலாம் என உறுதிசெய்யப்பட்ட இருப்பாக அன்றி, எஞ்சிய வளம் என்ற தலைப்பின் கீழேயே அது இடம்பெற்றுள்ளது. இராஜஸ்தானின் ராம்புரா அகுச்சா போன்ற படிவுகள் பல கோடி டன் கணக்கில் பேசப்படுகையில், இது சிறியதே. சிறிய படிவுகளின் தலைவிதி பெரும்பாலும் பகுப்பாய்வின் துல்லியத்தைச் சார்ந்தது என்பதால்தான் காட்மியம், வெள்ளி போன்ற சுவடுகளின் கணக்கும் அங்கே எடைபெறுகிறது.

கரைப்பதற்கு முன்பே பிழை நுழையக்கூடிய வாயில் ஒன்றுண்டு. அது அரைக்கும் இயந்திரம். சார்னோக்கைட் கடினமான கல். அதை எஃகுத் தாடைகளில் உடைத்தால் எஃகின் இரும்பும் குரோமியமும் மாங்கனீசும் மாவில் சேரும். டங்ஸ்டன் கார்பைடு கலத்தில் அரைத்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் சேரும். அகேட் என்னும் படிகக் கல்லில் செய்த உரல் இவற்றைத் தவிர்க்கும். ஆனால் வேலை மெதுவாகும். திண்டிவனம் டோலரைட்டில் கோபால்ட் எவ்வளவு என்று கேட்பவர், அந்தக் கல் எதில் அரைக்கப்பட்டது என்று முதலில் கேட்டாகவேண்டும். அதற்கும் முன்னால், பாறையின் எந்தத் துண்டு எடுக்கப்பட்டது என்ற கேள்வி இருக்கிறது. சட்டினியில் உப்பு ஓரிடத்தில் திரண்டிருந்தால் ஒரு விரல் ருசியை நம்ப முடியாததுபோல, சல்பைடு மணிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய கல்லில் ஒரு கைத்துண்டை நம்ப முடியாது. பல கிலோ கல்லை உடைத்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் குவித்துப் பகுக்கும் பழைய முறை, அல்லது அதே வேலையைச் செய்யும் பகுப்புப்பெட்டி, இன்றும் கைவிடப்படாததற்குக் காரணம் இதுவே. கடைசியில் கருவிக்குள் போகும் மாவு ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். அது ஒரு குன்றுக்காகப் பேசுகிறது.

ஒற்றைப் பாறைகளிலிருந்து நிலப்பரப்பு முழுவதற்கும் இக்கணக்கை விரித்தது, இந்திய நிலவியல் அளவாய்வுத் துறை 2001ஐ ஒட்டித் தொடங்கிய தேசிய நிலவேதியியல் வரைபடத் திட்டம். நிலத்தை ஒரு கிலோமீட்டர் சதுரங்களாக வகுத்து, ஒவ்வொன்றிலும் ஓடைப் படிவை எடுத்து, நான்கு சதுரங்களின் மாதிரிகளை ஒன்றாகக் கலந்து, சலித்து, அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களுக்குச் சோதிப்பது அதன் நடைமுறை. ஓடைப் படிவு தன் மேட்டிலுள்ள பாறைகளின் கலவை என்பதால், அதன் துத்தநாகம் திடீரென உயரும் இடம் மேட்டில் தேடவேண்டிய இடமாகிறது. இத்திட்டம் நில வரைபடத் தாள்களை அலகாகக் கொண்டு நடைபெறுகிறது. திண்டிவனம் 57 பி தாளிலும் விழுப்புரம் 58 எம் தாளிலும் விழுகின்றன; 12 பாகை வட அகலாங்குக் கோடு இவ்விரு ஊர்களுக்கும் நடுவே செல்வதே காரணம். பாறை அந்தக் கோட்டை அறியாது. ஆனால் இரண்டு தாள்களின் மாதிரிகள் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு தொகுதிகளாக அளக்கப்பட்டால், கோட்டின் இருபுறமும் எண்கள் ஒரு படி ஏறியோ இறங்கியோ நிற்கக்கூடும். அதைப் பாறையின் மாற்றம் என்று மயங்குவதற்கு வாய்ப்புண்டு. இரு தொகுதிகளிலும் ஒரே ஒப்பீட்டு மாவு அளக்கப்பட்டிருந்தால் மட்டுமே அந்தப் படியைக் கண்டு நீக்க முடியும். 1951இன் பாடம் இன்றும் இவ்வூர்களின் நடுவே அப்படியே பொருந்துகிறது.

இவ்வரலாற்றை நோக்கும்போது ஒரு குறை வெளிப்படையாகத் தெரிகிறது. பல்லாவரத்துக் கல் ஒன்றேகால் நூற்றாண்டாக உலக ஆய்வகங்களில் மறுபடி மறுபடி அளக்கப்பட்டுவர, அதே குடும்பத்தைச் சேர்ந்த திண்டிவனம், வானூர்க் கற்கள் அளக்கப்படுவதைவிட வேகமாக உடைக்கப்படுகின்றன. குவாரி ஒன்று மூடி நீர் நிறைந்த பின் அதன் அடிப்பாறையிலிருந்து மாதிரி எடுக்க இயலாது. நிலவியல் பயிற்றும் கல்லூரிகள், செயல்படும் ஒவ்வொரு குவாரியிலிருந்தும் சில கிலோ கல்லை இடம், நாள், ஆழம் குறித்து எடுத்து, அரைக்காமல் அடுக்கிவைத்தாலே போதும். அளப்பதற்கான கருவிகள் நாளுக்கு நாள் கூர்மையாகின்றன, கல் மட்டும் திரும்பக் கிடைப்பதில்லை. நிலவியல் அளவாய்வுத் துறையின் பூகோஷ் இணையதளம் நிலவேதியியல் தரவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. அங்கு 57 பி, 58 எம் தாள்களின் எண்களையோ, மாமண்டூர் பற்றிய எந்த அறிக்கையையோ எடுத்துப் படிக்கும் மாணவர், உலோகத்தின் அளவைப் பார்ப்பதற்கு முன், மாதிரி எதில் அரைக்கப்பட்டது, எதில் கரைக்கப்பட்டது, எந்த ஒப்பீட்டுக் கல்லோடு அளக்கப்பட்டது என்ற மூன்றையும் தேடிப் பார்த்துவிட்டு அதன்பின் எண்ணுக்கு வரவேண்டும்.